கிளர்ச்சி எப்போது புரட்சி ஆகிறது?

கிளர்ச்சிக்கும் புரட்சிக்கும் அளவில்தானே வித்தியாசம் என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, நோக்கத்தில்தான்.

நான் மாட்டுங்காவில் வளர்ந்தவன். எங்கள் மும்பையிலேயே உதாரணம் இருக்கிறது. 1946 பிப்ரவரி 18 அன்று கொலாபாவின் 'தல்வார்' கடற்படைத் தளத்தில் இந்திய மாலுமிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மோசமான சாப்பாடு, வெள்ளை அதிகாரிகளின் வசவு. 'இனிப் பொறுக்க முடியாது' என்ற அந்தக் குரல் கிளர்ச்சி. விரைவிலேயே அவர்கள் அமைத்த குழு, இந்திய தேசிய ராணுவக் கைதிகளை விடுவிக்கவும் இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படைகளைத் திரும்பப் பெறவும் கோரியது. சோற்றுத் தட்டில் தொடங்கிய கேள்வி, யாருடைய ஆட்சி என்பதுவரை போய்விட்டது! எப்போது படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும் இடம் இது.

ஆனாலும் அது புரட்சி ஆகவில்லை. ஒடுக்குமுறையிலிருந்து விடுபடுவது வேறு, சுதந்திரம் நிலைக்க ஒரு புதிய அமைப்பை நிறுவுவது வேறு என்பார் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட். மாலுமிகளுக்கு ஆதரவாகத் தெருவில் இறங்கிய மில் தொழிலாளர்கள் குண்டடிபட்டுச் செத்தார்கள். காங்கிரசும் முஸ்லிம் லீகும் கைகொடுக்கவில்லை. படேல் அறிவுறுத்த, 23ஆம் தேதி மாலுமிகள் சரணடைந்தார்கள். அவர்களைத் தனியே விட்டது பெரும் தவறு என்பதே என் எண்ணம். நிறுவும் வேலை அதே ஆண்டு டிசம்பர் 9 அன்று டெல்லியில், அரசியல் நிர்ணய சபையில், வேறு கைகளில் தொடங்கியது.