ஜெர்மன் கடைக்காரர் கேட்பது சான்றிதழ் அல்ல

கேள்வி: கோவையில் 12 பேருடன் மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். ஜெர்மனியில் ஓர் ஆன்லைன் கடைக்கு, வாங்குவோரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சாட்பாட் செய்து கொடுத்துப் பராமரிக்கிறோம். 'ஜிடிபிஆர் பேப்பர்கள் எங்கே?' என்கிறார்கள். ஒரு ஏஜென்ட் 3 லட்சம் கொடுத்தால் சான்றிதழ் வாங்கித் தருகிறாராம். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரில் சான்றிதழ் உண்டுதான். ஆனால் அது கட்டாயமில்லை. அங்கீகாரம் பெற்ற அமைப்புகளோ அங்குள்ள தரவுப் பாதுகாப்பு அதிகாரிகளோதான் தர முடியும். வாங்கினாலும் உங்கள் பொறுப்பு குறையாது. இந்த ஏஜென்ட்டுகள் விற்பது பொன்னிற முத்திரை குத்திய தாள். நாளை தரவு கசிந்தால் அது எதற்கும் உதவாது.

கடைக்காரர் கேட்பது ஒப்பந்தம். இந்தியாவின் தரவுப் பாதுகாப்பு போதுமானது என்று ஐரோப்பிய ஆணையம் அறிவிக்கவில்லை. அதனால் வாங்குவோரின் தரவு உங்களிடம் வர, 2021 ஜூனில் ஆணையம் வெளியிட்ட நிலையான ஒப்பந்த விதிகளில் (எஸ்சிசி) இருவரும் கையெழுத்திட வேண்டும். இலவசமாகவே கிடைக்கிறது. நான்கு பிரிவுகளில் உங்களுக்கானது இரண்டாவது: தரவு கடைக்காரருடையது, அவருக்காக அதைக் கையாளும் செயலாக்குநர் நீங்கள். விதிகளின் வாசகத்தில் கை வைக்காதீர்கள். அதிலேயே கொடுத்திருக்கும் தேர்வுகளைக் குறித்து, பின்னிணைப்புகளை நிரப்புங்கள்.

பலரும் சறுக்குவது அந்தப் பின்னிணைப்புகளில்தான். 'தகுந்த பாதுகாப்பு உண்டு' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். யார் யாருக்கு அனுமதி, எங்கே என்கிரிப்ஷன், பேக்கப் எத்தனை நாள் என்று எழுதுங்கள். உங்கள் பாட் வேறொரு நிறுவனத்தின் ஏஐ மாடலுக்கு உரையாடலை அனுப்புகிறதா? அந்த நிறுவனம் உங்களுக்குக் கீழே தரவைக் கையாளும் துணைச் செயலாக்குநர். கடைக்காரரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அனுப்பக்கூடாது. தரவு கசிந்தால் அவருக்கு உடனே சொல்லுங்கள். அவர் 72 மணி நேரத்துக்குள் அங்குள்ள அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும்.

ஐரோப்பிய ஏஐ சட்டத்தைக் காட்டியும் பயமுறுத்துவார்கள். உங்கள் பாட்டுக்கு முக்கியக் கடமை ஒன்றுதான்: 'நீங்கள் பேசுவது இயந்திரத்துடன்' என்று முதல் செய்தியிலேயே தெளிவாகத் தெரிய வேண்டும். 2026 ஆகஸ்ட் 2 முதல் கட்டாயம்.

இனி நம் சட்டம். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2017-இல். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் வந்தது, அதன் விதிகள் 2025 நவம்பரில். முக்கியக் கடமைகளுக்கு அதன்மேல் 18 மாத அவகாசம்! இத்தனை இழுபறியில் உங்களைப் போன்றவர்களுக்கு ஒரு விலக்கு இருப்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. வெளிநாட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் போட்டு, வெளிநாட்டில் இருப்பவர்களின் தரவை இங்கே கையாண்டால், ஒப்புதல் வாங்குவது, அறிவிப்பு கொடுப்பது போன்ற கடமைகள் இல்லை. 17-ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. மூன்றையும் சரிபாருங்கள்: ஒப்பந்தம் வேண்டும், அது வெளிநாட்டில் இருப்பவருடன் இருக்க வேண்டும், தரவும் வெளிநாட்டில் இருப்பவருடையதாக இருக்க வேண்டும். ஆனால் தரவைப் பாதுகாக்கும் கடமைக்கு விலக்கே கிடையாது. தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

உங்கள் 12 ஊழியர்களின் தரவுக்கு இந்த விலக்கு பொருந்தாது. இதே பாட்டைத் திருப்பூர்க் கடைக்கு விற்றாலும் அப்படித்தான். அந்தத் தரவை ஜெர்மன் தரவோடு ஒரே டேட்டாபேஸில் கலக்காதீர்கள்.