பெட்டி ஏன் ஆடுது? மரவேலை கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. ஐடி வேலைல இருக்கேன், சனி ஞாயிறு மட்டும் மொட்டை மாடில மரவேலை கத்துக்கிறேன். அம்மாவுக்கு ஊசி நூல் வைக்க பைன் பலகைல (12 மில்லிமீட்டர் தடிமன்) ஒரு பெட்டி செஞ்சேன். எல்லாத்தையும் டேப் வெச்சு அளந்துதான் அறுத்தேன். ஆனா டேபிள்ல வெச்சா ஒரு மூலை தூக்கிக்கிட்டு ஆடுது, ஆணி அடிச்ச ரெண்டு இடத்துல பலகை பொளந்துடுச்சு. எங்க தப்பு பண்ணேன்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: தம்பி, அந்தப் பெட்டிய தூக்கிப் போட்றாதீங்க, அம்மாகிட்ட குடுங்க, நூல்கண்டு வைக்க அது தாராளமா போதும்.

டேப் வெச்சு அளந்தேன்னு எழுதியிருக்கீங்க, சிக்கல் அங்கயே ஆரம்பிச்சிடுது. நாலு பலகைய நாலு தடவை தனித்தனியா அளந்தா ஒவ்வொரு தடவையும் பென்சில் கோடு கொஞ்சம் நகரும், ரம்பம் வேற ஒரு மில்லிக்கு மேல மரத்த தின்னும், கோட்டுக்கு எந்தப் பக்கம் அறுத்தோங்கறதுலயே நீளம் மாறிடும். பெட்டி சரியா 300 மில்லி இருக்கணும்னு அவசியமே இல்ல, 298 வந்தாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது, ஆனா எதிரெதிர் பலகை ரெண்டும் ஒரே நீளமா இருந்தே ஆகணும். அதனால முதல் பலகைய அறுத்துட்டு டேப்ப உள்ள வெச்சிடுங்க. அந்தப் பலகையவே ரெண்டாவது மேல வெச்சு கத்தி முனையால கோடு கீறி அறுங்க. அப்புறம் ரெண்டையும் சேத்து நிக்க வெச்சு நுனிய விரலால தடவுங்க, கண்ணுக்கு தெரியாத மேடு பள்ளம் விரலுக்கு தெரிஞ்சிடும். மிச்சத்த கட்டைல சுத்தின உப்புத்தாள் பாத்துக்கும்.

ஒரு கணக்கு. வெளி அளவு 300க்கு 200 வேணும்னா நீளப் பலகை 300, குட்டைப் பலகை 200 கிடையாது, 176தான். அது ரெண்டு நீளப் பலகைக்கு நடுவுல உக்காருது, அதனால 12ம் 12ம் 24 கழிச்சிடணும். மொத்தம் 952 மில்லி, ரம்பத்துக்கு போறதையும் சேத்து 4 அடி பலகை ஒண்ணு வாங்கினா நாலு பக்கமும் ஒரே பலகைல வந்துடும். வாங்கறப்போ ஒரு கண்ண மூடிக்கிட்டு பலகை நீளத்துக்கு பாருங்க, முறுக்கிக்கிட்டு இருந்தா எடுக்கவே வேணாம், முறுக்கின பலகைல எவ்ளோ சரியா அறுத்தாலும் பெட்டி ஆடத்தான் செய்யும்.

ஒட்டறப்போ சமையல் மேடை கிரானைட் மாதிரி சமமான இடத்துல வெச்சு ஒட்டுங்க. பலகையோட வெட்டு முனை ஃபெவிகால தண்ணி மாதிரி உறிஞ்சிடும், அதனால மெல்லிசா ஒரு பூச்சு பூசி அஞ்சு நிமிஷம் விட்டு இன்னொரு தடவை பூசணும். கிளாம்ப் (இறுக்கிப் புடிக்கிற கருவி) இல்லன்னா பழைய சைக்கிள் டியூப்ப நீளமா வெட்டி பெட்டிய சுத்தி இழுத்துக் கட்டுங்க, நல்லா புடிக்கும். கட்டினதும் மூலைக்கு மூலை ரெண்டு பக்கமும் அளந்து பாருங்க (இங்க டேப் வேணும்), உங்க அளவுக்கு ரெண்டும் 360 மில்லி சுமாருக்கு வரும், எது நீளமா இருக்கோ அந்த ரெண்டு மூலையையும் கையால உள்ள அழுத்தினா சதுரத்துக்கு வந்துடும். பசை காயறதுக்குள்ள இத பண்ணிடணும், விடிஞ்சப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது.

பொளக்கறதுக்கு காரணம், பலகை ஓரத்துல கூரான ஆணி ஆப்பு மாதிரி நார விலக்கிடுது. ஆணிய விட கொஞ்சம் சின்ன பிட்டால முதல்லயே ஓட்டை போட்டுக்கங்க. டிரில் இல்லன்னா ஆணிய தலைகீழா வெச்சு கூர்ல லேசா ஒரு தட்டு தட்டுங்க, மழுங்கின முனை நார பொளக்காம நசுக்கிக்கிட்டு உள்ள போகும்.

அடிப்பக்கத்துக்கு 4 மில்லி பிளைவுட் போடுங்க. முழு மரப் பலகைய சுத்தி ஒட்டிட்டா ஐப்பசி மழைல அகலவாக்குல உப்பி பெட்டிய தள்ளும், சித்திரைல சுருங்கி விரிசல் விடும்.

கேள்வி: பக்கத்து கம்பெனில பேலட் (சரக்கு அடுக்கற மரத்தட்டு) மரம் சும்மா தர்றாங்க. அதுல அஞ்சறைப்பெட்டி செய்யலாமா?
– ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: கருவிப் பெட்டி செய்யுங்கம்மா, அஞ்சறைப்பெட்டி வேணாம். வெளிநாட்டுக்கு போயிட்டு வர்ற பேலட்ல ஒரு முத்திரை இருக்கும், அதுல எச்டின்னு (HT) இருந்தா சூடு பண்ணி பூச்சிய கொன்னது, எம்பின்னு (MB) இருந்தா மீதைல் புரோமைடுங்கற விஷ வாயு காட்டினது, அது எதுக்குமே வேணாம். எச்டி மரமா இருந்தாலும் அதுமேல என்ன எண்ணெய், என்ன கெமிக்கல் கொட்டுச்சுன்னு யாருக்குமே தெரியாது, கடுகும் சீரகமும் அதுல இருக்கறத நினைச்சாலே எனக்கு மனசு ஒப்பல. மரவாடில தேக்கு, பலா துண்டு கேட்டுப் பாருங்க. உள்பக்கம் வார்னிஷ் எதுவும் அடிக்காதீங்க.

கேள்வி: மூடி எப்பவும் ஒரு பக்கம் வெளிய நீட்டிக்குது.
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: மூடிய தனியா செய்யாதீங்க. ஆறு பக்கமும் மூடி முழுப் பெட்டியா ஒட்டி, ஒரு நாள் காய விட்டு, மேல இருந்து 30 மில்லில சுத்தி கோடு போட்டு அறுத்து எடுங்க, ஒரே பெட்டில இருந்து வந்த மூடி அச்சு அசலா உக்காரும். ஆணி அடிக்கறப்பவே அந்தக் கோடு வர்ற இடத்த விட்டுட்டு அடிங்க, இல்லன்னா ரம்பப் பல்லு போயிடும்.