மூவாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஆயில் மாற்றணுமா?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி, சர்வீஸ் பில்லின் நகலோடு வந்திருக்கின்றன. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

கேள்வி: ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். 2019 மாடல் பெட்ரோல் கார். மார்க்கெட், கோயில், எப்போதாவது மகள் வீடு, அவ்வளவுதான் ஓட்டம். வருடத்துக்கு மூவாயிரம் கிலோமீட்டர் தாண்டாது. ஆனாலும் வருடா வருடம் ஆயில் மாற்றச் சொல்கிறார்கள். போன சர்வீஸுக்கு 11,400 ரூபாய் ஆனது. எஞ்சின் ஃப்ளஷ், டீகார்பனைசிங், ஏ.சி. கிருமிநாசினி, அண்டர்பாடி கோட்டிங் என்று பில்லில் என்னென்னவோ இருக்கிறது. ஏமாறுகிறேனா? - வாசகர், தாம்பரம்

பதில்: ஆயிலில் ஏமாறவில்லை சார், மற்றதில்தான் கொஞ்சம் கோட்டை விட்டிருக்கிறீர்கள். உங்கள் கார் கையேட்டை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலான பெட்ரோல் கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்றுதான் போட்டிருக்கும். கம்மியாக ஓடுகிற காருக்கு ஆயில் கெடாது என்று நாம் நினைக்கிறோம், நடப்பது நேர்மாறு. பெட்ரோல் எரியும்போது நீராவியும் உண்டாகும். வண்டி நன்றாகச் சூடாகி அரை மணி நேரம் ஓடினால் ஆயிலில் கலந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். நீங்கள் இரண்டு கிலோமீட்டர் போய்க் காய்கறி வாங்கிவிட்டுத் திரும்பினால் ஆயில் சூடாவதற்குள் வண்டியை நிறுத்தியாயிற்று, ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலோடேயே தங்கிவிடும். நம்பிக்கை இல்லையென்றால் எஞ்சின் ஆறியபின் ஆயில் ஊற்றுகிற மூடியைத் திருகி உள்பக்கம் பாருங்கள். மோர்க்குழம்பு நிறத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் அது இந்த ஈரத்தின் வேலையாகத்தான் பெரும்பாலும் இருக்கும் (கூடவே எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்டும் குறைந்துகொண்டே வந்தால் மட்டும் உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள், அது வேறு வியாதி). பதினைந்து நாளைக்கு ஒருமுறை ஜி.எஸ்.டி. ரோட்டில் சிங்கப்பெருமாள் கோயில் வரை ஓட்டிவிட்டு வாருங்கள். எஞ்சினுக்கும் நல்லது, நரசிம்மரையும் பார்த்த மாதிரி ஆச்சு.

மற்றவை. நேரத்துக்கு ஆயில் மாற்றுகிற வண்டிக்கு, எஞ்சினை உள்ளே கழுவுகிற ஃப்ளஷ் எதற்கு? இழுவையிலும் மைலேஜிலும் குறை இல்லாத வண்டிக்கு, கரிப்படிவை நீக்குகிற டீகார்பனைசிங் தேவையில்லை. ஏ.சி.யில் நாற்றம் அடித்தால் முதலில் காருக்குள் வரும் காற்றை வடிகட்டுகிற கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பல கார்களில் டேஷ்போர்டு பெட்டிக்குப் பின்னால்தான் இருக்கும், பெட்டியைக் கழற்றி அதை உருவினால் சருகும் தூசியுமாக வரும், புதுசு சில நூறு ரூபாய், ஐந்து நிமிட வேலை. வண்டியின் அடியில் துருப் பிடிக்காமல் அடிக்கிற அண்டர்பாடி கோட்டிங், கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒருமுறை அடித்தால் அர்த்தம் உண்டு, வருடாவருடம் அடிக்க அது பொங்கல் வெள்ளை இல்லை.

எனக்கு உறுத்தியது, பில்லில் இல்லாத ஒன்று. பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். பல கார்களுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டியது, உங்கள் மூன்று வருடப் பில்களில் ஒன்றில்கூட அது இல்லை! அடுத்த முறை ஜாப் கார்டில் (செய்யப்போகும் வேலைகளை எழுதும் தாள்) கையெழுத்துப் போடும் முன் "போனில் கேட்காமல் எதையும் சேர்க்க வேண்டாம், கழற்றிய பழைய பாகங்கள் வேண்டும்" என்று எழுதச் சொல்லுங்கள். பாதி அயிட்டம் தானாகக் குறையும்.

கேள்வி: டயருக்கு நைட்ரஜன் அவசியமா? - வாசகர், ஈரோடு

பதில்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமாகக் கிடைத்தால் அடியுங்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரிகிற ஸ்டிக்கரில் உள்ள அளவு இருக்கிறதா என்று மாதம் ஒருமுறை, காலையில் டயர் சூடாவதற்கு முன் பாருங்கள். அது போதும்.

கேள்வி: நம் ஊரில் பனியா பெய்கிறது, கூலண்டுக்குப் பதில் தண்ணீர் ஊற்றினால் என்ன என்கிறார் கணவர். - வாசகி, திருநெல்வேலி

பதில்: கணவரிடம் சொல்லுங்கள், கூலண்ட் பனிக்கு மட்டும் இல்லை, தண்ணீரைவிடக் கூடுதல் சூட்டில்தான் கொதிக்கும், உள்ளே துருப் பிடிக்காமலும் காக்கும். போர் தண்ணீர் கொதிக்கிற பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டருக்குள்ளும் படியும். நடுவழியில் வேறு வழியில்லாமல் தண்ணீர் ஊற்றினால் தப்பில்லை, ஊருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியை மட்டும் திறக்கவே கூடாது.

கேள்வி: 2016 மாடல் கார். 20 சதவீத எத்தனால் பெட்ரோல் வந்தபின் மைலேஜ் குறைகிறது. கூடுதல் ஆக்டேன் பெட்ரோல் போடலாமா? - வாசகர், மதுரை

பதில்: குறைவது உங்கள் பிரமை இல்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு போல ஆற்றல் குறைவு, அதனால் கலப்பு கூடக்கூட மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் லிட்டருக்குப் பாதியாகிவிட்டது என்று யாராவது சொன்னால் டயர் காற்றழுத்தத்தையும் ஏர் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். கையேட்டில் 91 ஆக்டேன் (எஞ்சினுக்குள் பெட்ரோல் முன்கூட்டியே வெடிக்காமல் தாங்கும் அளவு) போதும் என்றிருந்தால், அதிக ஆக்டேன் என்று கூடுதல் விலைக்கு விற்கும் பெட்ரோலைப் போடுவது காசுக்குக் கேடு. உங்கள் வண்டி இந்தக் கலப்புக்காகச் செய்யப்பட்டதில்லை, ஆகவே ஒவ்வொரு சர்வீஸிலும் பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களில் வெடிப்போ கசிவோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் வாடை வந்தால் அன்றைக்கே.

கேள்வி: சிங்கப்பூரில் வேலை. ஊரில் ஷெட்டில் நிற்கும் காரின் டயர் புதுசு போலவே இருக்கிறது, 12,000 கி.மீ.தான். மாற்றச் சொல்கிறார்கள். - வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள் அனுப்பிய படத்தில் டயர் ஓரத்தில் 3117 என்று தெரிகிறது. 2017-இன் 31-வது வாரம் என்று அர்த்தம். டயர் மேற்பரப்பில் உள்ள பட்டன் தேயாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும். ஆறு வருடம் தாண்டினால் ஓரங்களில் மயிர்க்கோடு போல வெடிப்பு இருக்கிறதா என்று உட்கார்ந்து பார்க்கணும், உங்கள் படத்திலேயே இருக்கிறது. சித்திரை வெயிலில் குடும்பத்தோடு நான்குவழிச் சாலையில் நூறில் போகும் டயர் இது இல்லை, மாற்றிவிடுங்கள். கழற்றியதை ஸ்டெப்னியாகப் போடவும் வேண்டாம்.

கேள்வி: எலி ஒயரைக் கடிக்கிறது. புகையிலை வைத்தால் வராதாமே? - வாசகி, கும்பகோணம்

பதில்: எங்கள் தெருவில் ஒருவர் பானட்டுக்குள் புகையிலைக் கட்டு வைத்தார், எலி அதையே மெத்தையாக்கிக் குட்டி போட்டது. தினமும் வண்டியை எடுங்கள், முடியாவிட்டால் ராத்திரி பானட்டைத் திறந்து வைத்து ஒரு விளக்குப் போடுங்கள், இருட்டும் கதகதப்பும்தான் அதற்கு வேண்டியது. பின்சீட்டில் பிள்ளைகள் சிந்திய முறுக்கையும் கூட்டிவிடுங்கள்.