காப்பியரின் மெமரி பேட்டரி: கேள்வி பதில்

காப்பியர், அதாவது நகல் எடுக்கும் மெஷினின் போர்டில் ஒரு ஓரமாக, காசு மாதிரி உட்கார்ந்திருக்கும் லித்தியம் பேட்டரியைப் பற்றிப் பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த மெஷின்களைக் கழற்றி மாட்டியே காலத்தை ஓட்டியவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கிவிட்டேன்.

கேள்வி: திங்கட்கிழமை காலையில் ஆன் செய்தால் மட்டும் தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறது. செவ்வாய் முதல் வெள்ளி வரை சரியாக இருக்கிறது. ஏன்?

வெள்ளி மாலை யாரோ சுவர் ஸ்விட்சையும் அணைத்துவிட்டுப் போகிறார்கள். விசாரித்துப் பாருங்கள். பல மாடல்களில், முன்பக்க ஸ்விட்சை அணைத்தாலும் பிளக்கில் கரண்ட் இருக்கும்வரை உள்ளே ஒரு சின்ன சப்ளை ஓடிக்கொண்டிருக்கும், மெமரியை அதுவே தாங்கும். கரண்ட் அடியோடு போனால்தான் பேட்டரிக்கு வேலை. இரண்டு நாள் விடுமுறையைக்கூட அது தாங்கவில்லை என்றால் முடியும் நிலையில் இருக்கிறது.

மாற்றும்வரை சுவர் ஸ்விட்சை அணைக்க வேண்டாம் என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். கடிகாரமும் செட்டிங்குகளும் ஒரே பேட்டரியில் ஓடும் மெஷினாக இருந்தால், இன்று தேதி, நாளை மற்றதெல்லாம்.

கேள்வி: 'மற்றதெல்லாம்' என்றால் என்ன? தேதியும் மொழியும் போனால் திரும்ப வைத்துக்கொள்ள மாட்டோமா?

அது மட்டும் போனால் நானும் கவலைப்பட மாட்டேன். பேட்டரி தாங்குவது எஸ்ராம் என்ற வகை மெமரியை. மின்னழுத்தம் நின்றால் அதில் எழுதியிருப்பது போய்விடும். மெஷின் தொழிற்சாலையில் இருந்து வெளியே வருவதற்கு முன் அந்த ஒரு மெஷினுக்காகவே அளந்து வைத்த எண்கள் அதில் இருக்கும்: படம் தாளில் எந்த இடத்தில் விழவேண்டும், பெரிதாக்கும் அளவு எவ்வளவு பிசகுகிறது, டோனர் சென்சாரின் ஆரம்ப அளவு, படம் உருவாகும் டிரம்முக்குக் கொடுக்கும் சார்ஜ், டோனரைத் தாளில் உருக்கி ஒட்டும் ஃப்யூசரின் சூடு. ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு மெஷின்களுக்கே இவை வேறு வேறாக இருக்கும். இவை அழிந்தால் மெஷின் பொதுவான ஒரு மதிப்பை எடுத்துக்கொண்டு ஓடும். நகல் வரும், ஆனால் மூன்று மில்லிமீட்டர் தள்ளி, கொஞ்சம் சாம்பல் பூத்த மாதிரி.

எத்தனை பக்கம் ஓடியது என்று எண்ணும் கவுண்டர் இன்னொரு தலைவலி. பக்கக் கணக்குக்குப் பணம் கட்டும் அலுவலகத்தில் கவுண்டர் பூஜ்யமானால் இரு தரப்பும் அடித்துக்கொள்ளும். நானே நடுவில் நின்று திட்டு வாங்கியிருக்கிறேன். பழைய மெஷின்களில் 'டிக் டிக்' என்று சுற்றும் மெக்கானிக்கல் கவுண்டர் ஒன்று இருக்கும், அதற்கு இந்தப் பயமில்லை.

புதிய மாடல்களில் பெரும்பாலும் இந்த எண்களை ஈஈப்ராம் அல்லது ஃப்ளாஷில் வைத்துவிடுகிறார்கள். அவற்றுக்கு பேட்டரி தேவையில்லை. அங்கே பேட்டரி போனால் கடிகாரம் மட்டும்தான் போகும்.

கேள்வி: மீட்டரில் பார்த்தேன், 2.9 வோல்ட் காட்டுகிறது. நன்றாகத்தானே இருக்கிறது?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். லித்தியம் காசு பேட்டரி வாழ்நாள் முழுக்க ஏறக்குறைய ஒரே வோல்ட்டில் நின்றுவிட்டு, கடைசியில் மளமளவென்று இறங்கும். புதிது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.7க்குக் கீழே இறங்கிவிட்டால் நாளைக் கடத்தாதீர்கள். மேலே இருந்தால் வோல்ட்டை நம்பாமல் வயதைப் பாருங்கள். எட்டு, பத்து வருடம் ஆகியிருந்தால் மீட்டர் என்ன சொன்னாலும் நான் மாற்றிவிடுவேன்.

கேள்வி: சரி, டேட்டா போகாமல் எப்படி மாற்றுவது? ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள்.

முதலில் காகிதம். ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன், டெக்னீஷியன்களுக்கான சர்வீஸ் மோடில் இருக்கும் எல்லா மதிப்புகளையும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். ரிக்கோவில் எஸ்.எம்.சி. அறிக்கை, கியோசெராவில் யூ000 என்று ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு வழி உண்டு. அச்செடுக்கும் வசதியே இல்லாத பழைய மெஷினில் திரையை ஒவ்வொன்றாகப் படம் பிடியுங்கள். அலுப்பான வேலைதான், அரை மணி நேரம் போகும். எஸ்.டி. கார்டில் பிரதி எடுக்க முடிந்தால் அதையும் எடுங்கள், ஆனால் காகிதத்தை விடாதீர்கள்.

அப்புறம் மாற்றும் முறை. அந்த மாடலின் சர்வீஸ் மேனுவலில் வழி சொல்லியிருந்தால் அதுதான் வேதம். சொல்லாத இடத்தில், மெஷினை ஆனில் வைத்துக்கொண்டே மாற்றுவார்கள் பலர். நானும் செய்ததுண்டு. ஒரு தடவை கிளிப்பை நெம்பியதும் பேட்டரி 'டக்' என்று துள்ளி, பக்கத்தில் இருந்த ஐ.சி. சிப்பின் கால்கள் மேல் குப்புற விழுந்தது. பேட்டரியின் அடிப்பக்கம் முழுவதும் உலோகம் அல்லவா? நாலைந்து கால்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டது. போர்டு போயிற்று, டேட்டாவும் போயிற்று. அன்றோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

இப்போது நான் செய்வது இது. இரண்டு ஏஏ பேட்டரிகளைத் தொடராகப் போட்ட ஒரு பெட்டி, அதன் பிளஸ் ஒயரில் கரண்டை ஒரே திசையில் விடும் ஒரு ஷாட்கி டயோடு, அதை அடுத்து ஒரு 1 கிலோஓம் ரெசிஸ்டர். டயோடின் கோடு போட்ட முனை போர்டு பக்கம் இருக்கவேண்டும். மெஷினை அணைத்து, பிளக்கை உருவி, கையில் ஆன்டிஸ்டாட்டிக் பட்டையை மாட்டிக்கொள்ளுங்கள். பழைய பேட்டரி இருக்கும்போதே ஹோல்டரின் பிளஸ், மைனஸ் கால்களில் இந்த ஒயர்களைச் சேருங்கள். ரெசிஸ்டரின் இரு முனைகளிலும் மீட்டரை வையுங்கள்: பழையது இறங்கிப்போனதாக இருந்தால் சில மில்லிவோல்ட்டாவது காட்டும். அப்படிக் காட்டினால் ஒயர் நன்றாகக் கடித்திருக்கிறது என்று அர்த்தம். உடனே பழையதை பிளாஸ்டிக் குச்சியால் நெம்பி எடுத்து, புதியதை வைத்து, ஒயர்களைக் கழற்றுங்கள். ரெசிஸ்டர் எதற்கு என்றால், பழைய பேட்டரிக்குள் கரண்ட் பாயாமல் மட்டுப்படுத்த. மெமரிக்குப் போகும் சில மைக்ரோஆம்பியருக்கு அது ஒரு தடையே இல்லை.

கேள்வி: எங்கள் போர்டில் ஹோல்டர் இல்லை, பேட்டரியே சோல்டர் செய்திருக்கிறது.

மேலே சொன்ன அதே பெட்டியை போர்டின் பின்பக்கப் புள்ளிகளில் சேர்த்துக்கொள்ளுங்கள். சோல்டர் அயர்னைச் சூடாக்கி, தொடும் நேரத்தில் அதன் பிளக்கை உருவிவிடுங்கள். எர்த் ஆன முனை உயிருள்ள புள்ளியில் படவேண்டாம். பேட்டரியின் முகத்தில் நேராகச் சோல்டர் வைக்கவே கூடாது, சூட்டில் வெடிக்கும். சோல்டர் செய்ய உலோகக் காது வைத்த பேட்டரி வாங்குங்கள். இடம் இருந்தால் ஒரு ஹோல்டரையே பொருத்திவிடுங்கள், அடுத்து வருபவன் உங்களை வாழ்த்துவான்.

கேள்வி: எடுத்த பேட்டரியில் எம்.எல்.2032 என்று இருக்கிறது. கடையில் சி.ஆர்.2032தான் கிடைத்தது. அளவு ஒன்றுதான், போடலாமா?

வேண்டாம். எம்.எல். சார்ஜ் ஏறும் வகை, சி.ஆர். ஏறாத வகை. எம்.எல். இருந்த இடத்தில் போர்டு சார்ஜ் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதை வாங்கிக்கொள்ளத் தெரியாத சி.ஆர். வீங்கும், கசியும், வெடிக்கவும் கூடும். பி.ஆர்.2032 என்று இருந்த இடத்தில் சி.ஆர். போட்டால் ஓடும், ஆனால் சூடான மூலையில் பி.ஆர். அதிக நாள் தாங்கும். எல்.ஐ.ஆர். என்று ஒன்று விற்பார்கள், 3.6 வோல்ட், இந்தப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கேள்வி: பேட்டரியை எடுத்துவிட்டு உடனே வைத்தால் டேட்டா தங்கிவிடுகிறது என்று ஒருவர் சொன்னார். உண்மையா?

சில போர்டில் உண்மை. பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் இருந்தால் அது கொஞ்ச நேரம் தாங்கும். கணக்கு எளிது: 1000 மைக்ரோஃபேரட், 3 வோல்ட்டில் இருந்து 2 வோல்ட்டுக்கு இறங்கும்வரை, மெமரி 2 மைக்ரோஆம்பியர் குடிக்கிறது என்றால் 500 வினாடி, அதாவது எட்டு நிமிடம். அதுவே 10 மைக்ரோஃபேரட் என்றால் 5 வினாடி. உங்கள் போர்டில் எது இருக்கிறது என்று தெரியாமல் பந்தயம் கட்டாதீர்கள்.

கேள்வி: ஃபேக்ஸ் வசதியும் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள மெஷின். கூடுதலாக எதையாவது கவனிக்கவேண்டுமா?

வந்து காத்திருக்கும் ஃபேக்ஸ்களை முதலில் அச்செடுத்துவிடுங்கள். அவை பெரும்பாலும் வேறு மெமரியில், சார்ஜ் ஏறும் தனி பேட்டரியில் இருக்கும். கரண்ட் போனால் சில மணி நேரம்தான் தாங்கும். வேலையின் நடுவே தேநீருக்குப் போய்விடாதீர்கள்.

டிஸ்க்கில் இருப்பது பேட்டரியால் அழியாது. ஆனால் டிஸ்க்கைச் சங்கேதமாக்கி வைத்திருந்தால், அதன் திறவுகோல் போர்டு மெமரியில் இருக்கக்கூடும். அது போனால் டிஸ்க் பத்திரமாக இருந்தும் யாராலும் படிக்க முடியாது. திறவுகோலை அச்செடுக்கும் வசதி இருந்தால் எடுத்துப் பூட்டி வையுங்கள்.

கேள்வி: எல்லாம் ஏற்கெனவே அழிந்துவிட்டது. அச்செடுத்த தாளும் இல்லை. ஏதாவது வழி?

முன்கதவைத் திறந்து உள்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பல மெஷின்களில் தொழிற்சாலை மதிப்புகளை அச்சடித்த ஸ்டிக்கர் அங்கே ஒட்டியிருக்கும். சில மெஷின்களில் அது மடித்து ஒரு பிளாஸ்டிக் உறையில் செருகியிருக்கும். டோனர் தூசியைத் துடைத்தால், பழைய டெக்னீஷியன் ஒருவர் ஒரு எண்ணை அடித்துவிட்டுப் பேனாவால் வேறு எண் எழுதியிருப்பதும் தெரியும். அந்தப் பேனா எண்ணைப் போடுங்கள், அச்சடித்ததை அல்ல.

அதுவும் இல்லையென்றால் மெமரியை முறைப்படி துவக்கி, டெஸ்ட் சார்ட்டை வைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்யவேண்டியதுதான். ஒரு முழு நாள் வேலை.

கேள்வி: போன முறை போட்ட பேட்டரி இரண்டே வருடத்தில் தீர்ந்துவிட்டது. போலியா?

போலியாகவும் இருக்கலாம். ஆனால் கணக்குப் போடுங்கள். சி.ஆர்.2032 கொடுப்பது சுமார் 220 மில்லிஆம்பியர் மணி. 2 மைக்ரோஆம்பியர் இழுத்தால் பன்னிரண்டு வருடம், 12 இழுத்தால் இரண்டு வருடம். போன தடவை சோல்டர் செய்திருந்தால், சோல்டர் பிடிக்கத் தடவும் ஃப்ளக்ஸைத் துடைக்காமல் விட்டீர்களா? ஃப்ளக்ஸும் ஈரமும் சேர்ந்தால் பிளஸ்ஸில் இருந்து மைனஸ்ஸுக்கு மெல்லக் கசியும். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் போர்டைத் துடையுங்கள். புதிய பேட்டரியின் விளிம்பை மட்டும் பிடியுங்கள், விரல் எண்ணெய் பட்டால் துணியால் துடைத்துவிட்டு வையுங்கள்.

கேள்வி: பேட்டரி மாற்றியபின் நகல் எல்லாம் சரி. ஆனால் ஃபோல்டருக்கு ஸ்கேன் போகமாட்டேன் என்கிறது. பாஸ்வேர்டு சரிதான்.

மெஷினின் கடிகாரத்தைச் சர்வரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கெர்பரோஸ் முறையில் உள்ளே விடும் சர்வர், வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கதவைத் திறக்காது. நேரத்தோடு வருடத்தையும் பாருங்கள். நிமிடம் சரியாக இருந்து வருடம் மட்டும் தப்பாக இருந்ததைத் தேடி நான் ஒரு மதியம் முழுக்க கேபிளை மாற்றிக்கொண்டிருந்தேன்.