கொண்டோ கோபுரம் வந்தால் லிட்டில் இந்தியா கடைகளுக்கு லாபமா?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் உயரமான கொண்டோ (அடுக்குமாடிக் குடியிருப்பு) வந்தால் அங்குள்ள லிட்டில் இந்தியாவில் நம்மவர் கடைகளுக்கு வியாபாரம் கூடுமா என்று கேட்கிறீர்கள். இரவில் அதில் எத்தனை வீட்டில் விளக்கு எரியும் என்பதுதான் கணக்கு.

லிட்டில் இந்தியாவுக்குள் கோபுரம் எழும்பாது. அது 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பகுதி. புதுக் கட்டடத்துக்கு 18 மீட்டர்தான் உச்சவரம்பு. வெளியேதான் கட்டுவார்கள்.

பழைய கதை ஒன்று உண்டு. 1948-க்கு முந்தைய கட்டடங்களின் வாடகையைக் கட்டிப்போட்டிருந்த 1966-ஆம் ஆண்டுச் சட்டம் 2000-இல் முடிவுக்கு வந்தது. வாடகை ஏறியது; பல குடும்பங்கள் நகரைவிட்டுப் போயின. தினமும் கால் கிலோ வெங்காயமும் ஒரு முழம் பூவும் வாங்கியவர் போய், வாரக் கடைசியில் கார் நிறுத்த இடம் தேடுபவர் வந்தார். கொண்டோவில் குடும்பங்கள் குடியேறினால் அந்த வெங்காய வியாபாரம் கொஞ்சம் திரும்பும். முதலீட்டுக்கு வாங்கிப் பூட்டிவைத்தால்? சுற்றுலாப் பயணி நாசி கண்டார் (சோறும் கறியும்) சாப்பிடுவார், அரிசி மூட்டை வாங்கமாட்டார்.

கட்டும்வரை வேலையாட்கள் சாப்பிட வருவதால் ஒட்டுக்கடைகளுக்கு (சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளுக்கு) நல்ல காலம், அது சரி. ஆனால் கோபுரத்தைக் காட்டிக் கடை வாடகையையும் ஏற்றுவார்கள். வாடகைக் கடைக்காரர் இப்போதே ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கட்டும். மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் நில அலுவலகத்தில் பதிய வேண்டும்.