‘ஸ்பிரிச்சுவல் லைஃப் கோச்’ சொல்கிறார் என்று மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: நாங்கள் சோமனூர் பக்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறோம். எட்டு மாதத்துக்கு முன்னால் என் கொழுந்தனார் பைக் விபத்தில் தவறிவிட்டார். அதிலிருந்து என் வீட்டுக்காரர் (46 வயது) ஆளே மாறிவிட்டார். தறிக்குடோனுக்குப் போவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். சரியாகச் சாப்பிடாமல் இளைத்துவிட்டார். ‘அவன் போன இடத்துக்கே நானும் போயிருக்கலாம்’ என்று இரண்டு தடவை சொன்னார். மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையை மூன்று வாரமாகச் சாப்பிடுகிறார், பெரிய மாற்றம் இல்லை. இதற்கிடையில் என் நங்கையா (வீட்டுக்காரரின் அக்கா) கோவையில் ஒரு மண்டபத்தில் நடந்த இலவச வகுப்புக்குக் கூட்டிப் போனார். அங்கே ‘ஸ்பிரிச்சுவல் லைஃப் கோச்’ ஒருவர், இது கர்மக் கட்டு, 12 அமர்வில் அவிழ்த்துவிடலாம், மாத்திரை ஆன்ம சக்தியைக் குறைக்கும், விட்டுவிடுங்கள் என்றார். மொத்தம் 60,000 ரூபாய். 15,000 முன்பணம் கட்டிவிட்டோம். இதுவும் கவுன்சலிங் மாதிரிதானே? தொடரலாமா?

பதில்: மாத்திரையை நிறுத்தாதீர்கள், அம்மணி. மற்றதையெல்லாம் அப்புறம் பேசுவோம்.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் வேலை செய்ய ஆரம்பிப்பதற்கே பெரும்பாலும் இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய ஆறு, எட்டு வாரம்கூட ஆகலாம். மூன்று வாரத்தில் மாற்றம் தெரியவில்லை என்றால் மருந்து தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. திடீரென்று விட்டால் தலைசுற்றல், பதற்றம், தூக்கமின்மை வரலாம். சில தூக்க மாத்திரைகளை நாள்பட எடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குறைப்பதும் நிறுத்துவதும் எழுதிக் கொடுத்த டாக்டரின் வேலை.

இரண்டாவது, ‘நானும் போயிருக்கலாம்’ என்று அவர் சொன்னது. இதை ஆதங்கத்தில் சொன்னது என்று விட்டுவிடக் கூடாது. ‘சாகணும்னு தோணுதுங்களா?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனதில் இருப்பதை வெளியே சொல்ல அவருக்கு ஒரு வழி கிடைக்கும். வீட்டிலோ தோட்டத்திலோ சாணிப்பவுடர் (வாசல் தெளிக்கும் விஷச் சாயப்பொடி), பூச்சி மருந்து இருந்தால் இன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். மாத்திரை அட்டை உங்கள் கையில் இருக்கட்டும், வேளைக்கு வேளை நீங்களே எடுத்துக் கொடுங்கள். அவரைத் தனியாக விடாதீர்கள். அடுத்த முறை வரச்சொன்ன தேதி வரை காத்திருக்காமல் நாளைக்கே டாக்டரைப் பார்த்து இந்த வார்த்தையைச் சொல்லுங்கள். நடுராத்திரியில் பயமாக இருந்தால் 14416 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற அரசு உதவி எண் அது. 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. உடனடி ஆபத்து என்று தோன்றினால் 108.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். கோச், மனநல சிகிச்சை செய்கிறவர் இரண்டு பேருமே உட்கார வைத்துப் பேசுகிறார்கள், ஆறுதலாகக் கேட்கிறார்கள், அதனால் ஒன்றுபோலத் தெரிகிறது. ஆனால் மனநல சிகிச்சை செய்கிறவர் முதலில் பார்ப்பது ‘இது நோயா, இல்லையா’ என்பதைத்தான். எத்தனை நாளாக இப்படி இருக்கிறது, தூக்கம் எப்போது கலைகிறது, பசி எப்படி, குடி உண்டா, உயிரை விடும் எண்ணம் உண்டா, தைராய்டு, சர்க்கரை, ரத்தசோகை மாதிரி உடம்பில் ஏதாவது இதற்குக் காரணமா என்று வரிசையாகக் கேட்பார். இந்த வரிசைக்காகத்தான் வருடக்கணக்கில் மருத்துவமனையில் பயிற்சி. மனநல மருத்துவர் என்றால் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்கு மேல் மனநலத்தில் பட்டம் பெற்று மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்தவர். கிளினிகல் சைக்காலஜிஸ்ட் என்றால் அந்தத் துறையில் எம்.ஃபில் போன்ற பயிற்சி முடித்து, ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வாங்கியவர். நான் இரண்டாவது வகை. பேச்சு வழியாகச் சிகிச்சை தருவேன், மாத்திரை எழுத மாட்டேன்.

லைஃப் கோச்சிங் மருத்துவத்திலிருந்து வந்ததல்ல. வேலை, லட்சியம், பழக்கம் என்று வாழ்க்கையை ஒழுங்குபடுத்திக்கொள்ள உதவும் தொழிலாக 1990களில் அமெரிக்காவில் பரவியது. அதோடு தியானம், சக்கரம், கர்மா எல்லாம் சேர்ந்துகொண்டதுதான் ‘ஸ்பிரிச்சுவல்’ கோச்சிங். நம் நாட்டில் அதற்கு உரிமம் கிடையாது, அரசுப் பதிவேடு கிடையாது. வார இறுதியில் ஆன்லைனில் படித்துவிட்டு திங்கட்கிழமை போர்டு மாட்டலாம். 1995இல் தொடங்கிய சர்வதேச கோச் கூட்டமைப்பு சான்றிதழ் தருகிறது. ஆனால் அது ஒரு தனியார் அமைப்பு, அந்தச் சான்றிதழ் நோயைக் கண்டுபிடிக்கும் தகுதி ஆகாது. நீங்கள் டாக்டரிடம் சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. கோச்சிடம் அழுதுகொண்டே சொன்னது நாளைக்கு அவருடைய வாட்ஸ்அப் குழுவில் ‘அனுபவப் பகிர்வாக’ வந்தால் அந்தச் சட்டம் உங்களுக்குக் கை கொடுக்காது.

இந்த வியாபாரம் நம் பக்கம் எப்படி நடக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். எனக்கு வரும் குடும்பங்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதை ஒன்றுதான். முதல் வகுப்பு இலவசம். மண்டபத்தில் நாலு பேரை எழுப்பி அழவைத்து, அவர்களையே ‘லேசாகிவிட்டது’ என்று பேச வைப்பார்கள். ‘இன்றைக்கு ராத்திரிக்குள் கட்டினால் பாதி விலை’ என்பார்கள். சந்தையில் மாட்டுத் தரகர் துண்டுக்குள் கைவிட்டு விலை பேசுகிற மாதிரி, பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சொன்ன தொகை உங்களுக்குத் தெரியாது. ஆள் கூட்டி வருகிறவர்களுக்கு அடுத்த நிலை வகுப்பில் தள்ளுபடியோ கமிஷனோ உண்டு. உங்கள் நங்கையா தம்பி மேல் உள்ள பாசத்தில்தான் கூட்டிப் போயிருப்பார், அவரோடு சண்டை வேண்டாம். ஆனால் அவர் எவ்வளவு கட்டினார், அவரை யார் கூட்டிப் போனார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ என்று போட்டிருந்தால் எந்தக் கல்லூரி, என்ன பதிவு எண் என்று கேளுங்கள். காசுக்கு கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கும் இடங்கள் ஏராளம். ‘இத்தனை அமர்வில் நிச்சயம் குணம்’ என்று நாள் குறித்துச் சொல்கிறவர் யாராக இருந்தாலும், மருத்துவராகவே இருந்தாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

சாமி கும்பிடுவதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை. பண்ணாரிக்குப் போங்கள், குலதெய்வக் கோயிலில் பூக்கேளுங்கள். அவருக்குத் தெம்பாக இருக்குமென்றால் தாராளமாகச் செய்யுங்கள். மாத்திரையை மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

ஒன்றை நிதானமாகச் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு, இழவு வீட்டில் அழுகிறவர்களையெல்லாம் என்னிடம் கூட்டி வந்துவிடாதீர்கள். துக்கம் நோய் அல்ல. கூடப்பிறந்தவன் போனால் சோறு இறங்காது, தூக்கம் வராது, அவன் குரல் கேட்பதுபோல்கூட இருக்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மறுபடி உடைந்துபோவார்கள். வருடத் திதி கொடுக்கும் வரை வீட்டில் விசேஷம் வைக்காமல் இருப்பது நம் வழக்கம், அதற்கு மருந்து தேவையில்லை. சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசுவதே பெரும்பாலானவர்களுக்குப் போதும், கோச்சும் வேண்டாம், நானும் வேண்டாம். துக்கம் எப்போது நோயாகிறது என்பதில் மருத்துவ உலகத்துக்கே ஒரே கணக்கு இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் குறைந்தது ஆறு மாதம் என்கிறது, அதிலும் அந்தந்த ஊர் வழக்கத்தைப் பார்த்தே முடிவு செய்யச் சொல்கிறது. 2022இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்று வைத்தது. உங்கள் வீட்டுக்காரர் எட்டாம் மாதத்தில் இருக்கிறார், இரண்டு கணக்குக்கும் நடுவில். அழுகை மட்டும்தான் என்றால், தறிக்குடோனுக்குப் பாதி நாளாவது போகிறார் என்றால், பேரன் பேத்தியைப் பார்த்தால் முகம் மலர்கிறது என்றால், ‘பொறுத்துப் பார்க்கலாம்’ என்றே சொல்லியிருப்பேன். அவர் வேலையை விட்டுவிட்டார், இளைத்துவிட்டார், விடியுமுன் விழிக்கிறார், சாவைப் பற்றிப் பேசுகிறார். இதற்கு மாதக் கணக்கே தேவையில்லை. இந்த அறிகுறிகள் இரண்டு வாரம் விடாமல் இருந்தாலே மனச்சோர்வு நோயா என்று பார்த்தாக வேண்டும்.

ஜனங்கள் கோச்சிடம் ஏன் போகிறார்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறார். அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்று உள்ளே போனால் ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய ஆய்வில், மனநலக் கோளாறு உள்ளவர்களில் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்று தெரிந்தது. துணை மருத்துவத் தொழில்களை முறைப்படுத்த 2021இல் சட்டம் வந்தது, மனநல ஆலோசகர்களும் அதற்குள் வருகிறார்கள். ஆனாலும் சோமனூரில் இருக்கும் ஒரு பெண் ‘இந்த ஆலோசகர் உண்மையானவரா’ என்று எளிதாகப் பார்த்துத் தெரிந்துகொள்ள அரசு வழி செய்யவில்லை. போலிகளுக்கு இடம் கொடுத்தது இந்த அலட்சியம்தான். இதை எத்தனை கூட்டத்தில் சொன்னாலும் அதிகாரிகள் குறித்துக்கொண்டு போகிறார்கள், அவ்வளவுதான்.

செலவு பயமாக இருந்தால் கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மருந்து இலவசம். நீங்கள் பார்க்கும் டாக்டரிடமே ‘பேச்சு சிகிச்சைக்கு யாரிடம் போகலாம்?’ என்று கேளுங்கள். அவர் சொல்லும் பெயரை ஆர்.சி.ஐ. இணையதளத்தில் பதிவு எண்ணோடு சரிபாருங்கள்.

அப்புறம் அந்த 15,000. போனில் பேசாதீர்கள். ‘தொடர விருப்பமில்லை, முன்பணத்தைத் திருப்பித் தாருங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக அனுப்புங்கள். ஜிபே விவரம், மாத்திரையை விடச்சொன்ன செய்தி, விளம்பரம் எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். தர மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுங்கள். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும், இந்தத் தொகைக்கு மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மீதி 45,000ஐக் கட்டினால்தான் முன்பணம் திரும்பும் என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைக் கட்டாதீர்கள்.