டிவி சமையல் நிகழ்ச்சியில் அரை மணியில் ஜிகர்தண்டா எப்படி முடிகிறது?

மதுரையில் மண்டபம் பிடித்து, ஆட்களை உட்கார வைத்து எடுக்கும் சமையல் நிகழ்ச்சிக்குப் போகிறேன், அரை மணியில் ஜிகர்தண்டா செய்வது ஏமாற்றா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்று இல்லை, முன்கூட்டியே செய்து வைத்த வேலை. ஜிகர்தண்டாவில் சேரும் பாதாம் பிசின் ஊறி உப்பி வர ஒரு ராத்திரி வேண்டும். பால் சுண்டி நிறம் மாற மணிக்கணக்காகும். மதுரை விளக்குத்தூண் பகுதிக் கடைகளில் நாம் இரண்டு நிமிடத்தில் வாங்கிக் குடிப்பதும் முதல் நாளே தொடங்கிய வேலைதானே!

அதனால் பச்சைப் பால், பாதி சுண்டியது, முழுக்கச் சுண்டிக் குளிரவைத்தது என்று தனித்தனிப் பாத்திரங்களில் மேடைக்குப் பின்னால் தயாராக இருக்கும். சமைப்பவர் கிண்டத் தொடங்கியதும் கேமரா நிற்கும், பாத்திரம் மாறும். எதிரே இருப்பவர்களுக்கு இது அப்பட்டமாகத் தெரியும். வீட்டில் பார்ப்பவர்களுக்குத்தான் தெரியாது. கைதட்டலைக்கூடத் தனியாக எடுத்துச் சேர்ப்பது உண்டு. ஜிகர்தண்டாவின் மேல் வைக்கும் ஐஸ்கிரீம் விளக்குச் சூட்டில் உருகிவிடும், ஆகவே அது கடைசி ஷாட்டுக்குத்தான் வெளியே வரும்.

ருசி பார்க்கக் கிடைக்குமா? முன்வரிசையில் ஓரிருவருக்குக் கிடைக்கலாம். எதற்கும் சாப்பிட்டுவிட்டே போங்கள், அரை மணி நிகழ்ச்சிக்கு அரை நாள் உட்கார வேண்டி வரலாம்.